மெயின் சுவிட்சில் சந்தனம்

ரௌட்டர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் நீட்டி முழக்குவதில்லை. ஓர் அலுவலகத்தின் கணினிகளை வெளியுலகத்தோடு பேச வைக்கிற பெட்டி. அது ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் மட்டும் என் கைப்பேசி அலறும். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தப் பெட்டிகளோடுதான் என் பிழைப்பு. எத்தனையோ பெட்டிகளை மறந்துவிட்டேன். மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு லோரி கம்பெனியின் மாடியறையில் இருந்த அந்த ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்போது நானும் என் மச்சானும் சேர்ந்து தொழில் செய்துகொண்டிருந்தோம். மச்சான் என்றால் என் தங்கச்சியின் கணவர், அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். தொழில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழைய வேன், ஒரு லேப்டாப், கேபிள் சுருள்கள், நாங்கள் இரண்டு பேர். மலாக்கா டவுனைச் சுற்றி யார் கூப்பிட்டாலும் போவோம். எனக்கு முன்கோபம். கேபிள் சரியாகப் பொருந்தவில்லை என்றால் கேபிளையே திட்டுகிற ரகம். அவர் அதே கேபிளைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகிவிட்டு, "இப்ப பாருங்க மச்சான்" என்பார். வேலை செய்யும். எனக்கு இன்னும் கோபம் வரும்.

தங்கச்சி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் அம்மா அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மச்சான் பக்கத்திலும் பெரியவர்கள் என்று யாருமில்லை. அந்த நேரம் பார்த்து சிங்கப்பூரில் ஒரு கம்பெனி மச்சானை வேலைக்குக் கூப்பிட்டது. நல்ல வேலைதான். ஆனால் அந்த பெர்மிட்டில் மனைவியைக் கூட்டிப்போக வழியில்லை. நவராத்திரி முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் தொழில் நிமிர்ந்துவிட்டால் போக வேண்டியதில்லை, நிமிராவிட்டால் வேறு வழியில்லை. தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை பொறக்கறப்ப அவரு பக்கத்துல இருக்கணும்ண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிற பழக்கமில்லாதவள். அதனால் அது மனதில் தைத்துவிட்டது.

தொழில் நிமிர்வதற்கு ஒரே வாய்ப்பு அந்த லோரி கம்பெனி. மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், கிடைத்த காலத்தில் முதலாளியின் அப்பா ஒற்றை லோரியோடு தொடங்கியது. மகன் காலத்தில் தலைமை அலுவலகம் காஜா பெராங்கில், சாமான் வைக்கும் ஸ்டோர் செமாபோக்கில், இன்னோர் அலுவலகம் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் என்று வளர்ந்திருந்தது. மூன்று இடத்துக் கணினிகளும் ஒரே இடத்தில் இருப்பதுபோல் பேசிக்கொள்ள வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதற்கு ரௌட்டரில் இருந்த பழைய மென்பொருள் போதாது. புதிய வெர்ஷன் ஏற்ற வேண்டும். அதை ஏற்றிக் காட்டினால் மூன்று இடத்தின் பராமரிப்பும் எங்களுக்குத்தான். "விஜயதசமி காலையில, நல்ல நேரம் பாத்து கையெழுத்துப் போட்டுருவோம் தம்பி" என்று மச்சானிடம் சொல்லியிருந்தார். முதலாளிக்கு மச்சானைப் பிடித்திருந்தது. என்னை அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை.

ரௌட்டருக்கும் ஒரு மூளை உண்டு. அதற்குள் உட்கார்ந்து அதை நடத்துகிற மென்பொருள்தான் எல்லாம். அந்தப் பெட்டியின் சேமிப்பில் பழையதும் புதியதும் சேர்ந்து இருக்க இடமில்லை. அதனால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். அழித்த பிறகும் பெட்டி நிற்காது. ஏற்கெனவே நினைவில் ஓடிக்கொண்டிருப்பதை வைத்து அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆனால் ஒரே ஒருமுறை கரண்டு போனால் போதும், நினைவு காலியாகிவிடும். மறுபடி எழுந்தால் நான் யார் என்று அதற்கே தெரியாது. கரண்டு போனால் கொஞ்ச நேரம் தாங்குவதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி பக்கத்தில் இருந்தது. பழையது, முனகிக்கொண்டே இருக்கும்.

பழையதை அழித்தோம். லேப்டாப்பிலிருந்து புதியதை அனுப்பினோம். கொஞ்சம் கொஞ்சமாகப் போகப்போகத் திரையில் ஆச்சரியக்குறிகள் வரிசையாக ஓடும். ஓர் ஆச்சரியக்குறி வந்தால் ஒரு பகுதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். புள்ளி வந்தால் போய்ச் சேரவில்லை. முக்கால்வாசி வரைக்கும் ஒரே ஆச்சரியம். அதற்குப் பிறகு ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, அப்புறம் வெறும் புள்ளிகள். கடைசியில் நின்றுவிட்டது.

நாங்கள் செய்யாதது இல்லை. கேபிளை மாற்றினோம். லேப்டாப்பின் பாதுகாப்பு மென்பொருளை அணைத்தோம். ஏர்கோனால் கரண்டு ஏறி இறங்குகிறதோ என்று அதை நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுக்க உட்கார்ந்திருந்தோம். மத்தியானத்தில் மழை பிடித்தால் மழைதான் காரணம் என்று நான் திட்டுவேன். மழை பெய்யாத நாளிலும் அதே கதைதான். நவராத்திரி ஒவ்வொரு நாளாகக் கழிந்துகொண்டிருந்தது. பெட்டி பழைய நினைவில் ஓடிக்கொண்டிருந்ததால் கீழே யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ புதியது ஏறிவிடும் என்ற நினைப்பில், பழையதைத் திரும்ப ஏற்றிவைக்க எங்களுக்கும் தோன்றவில்லை.

அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டவர் பக்கத்துக் கம்போங்கை, அதாவது கிராமத்தை, சேர்ந்த மலாக்கா செட்டிப் பெண்மணி. பெயர் தமிழ், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். நாங்கள் 'காக்' என்று கூப்பிடுவோம், அக்கா என்பதற்கு மலாய். மச்சான் அவரிடம் மலாயில் பக்குவமாக எடுத்துச் சொன்னார்: இந்தப் பெட்டியை மட்டும் யாரும் அணைத்துவிடக் கூடாது. அவர் அந்தப் பிளக்கைச் சுற்றி ரஃபியாக் கயிறு கட்டிவிட்டார். கூட்டித் துடைக்க வருகிறவர்களிடம், "இனி ஜாங்ஙான் ஊசேக்!" என்று மிரட்டுவதைக் கேட்டிருக்கிறேன். இதைத் தொடாதே என்று அர்த்தம். அவரைவிட அக்கறையாக யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆயுத பூஜையன்று காலை வேனில் ஏறும்போதே மச்சான் முகம் மலர்ந்திருந்தது.

"மச்சான், கவனிச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துலதான் நிக்குது."

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேனே" என்றேன், எரிச்சலாக.

"லைன் கோளாறுன்னா அப்படி நிக்காது லா. ஒரு தடவ இங்க நிக்கும், ஒரு தடவ அங்க நிக்கும். இது லைன் இல்ல. இதுக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியல."

விஷயம் இதுதான். நாங்கள் அனுப்பிய முறையில் ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு நம்பர் போட்டு அனுப்புவார்கள். அந்த நம்பருக்கு ஓர் எல்லை உண்டு. பழைய காரின் மீட்டர் சுற்றி முடித்துவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி, எல்லை தாண்டினால் இந்த நம்பரும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 'இது முதல் துண்டா, புதுத் துண்டா' என்று எங்கள் லேப்டாப்பில் இருந்த பழைய புரோகிராம் குழம்பி நின்றுவிடுகிறது. சின்ன ஃபைல்களை வருடக்கணக்கில் அப்படித்தான் அனுப்பி வந்தோம். எல்லை ஒன்று இருப்பதே தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஃபைல் எங்களுக்கு அதுதான் முதல் தடவை. அனுப்பும் முறையை மாற்றினால் முடிந்தது. அதற்கான புரோகிராமை மச்சான் ஏற்கெனவே லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தார். நான் வேனின் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். சந்தோஷத்திலும் எனக்குக் கை நீளும்.

நாங்கள் போனபோது ரோட்டோரம் லோரிகள் கழுவித் துடைத்து மாலை போட்டு நின்றன. முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் ஜாக், ஸ்பேனர், எடைபோடும் தராசு, பில் அடிக்கிற பிரிண்டர் எல்லாம் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. மச்சான் முதலாளியிடம் ஒரு மணி நேரம் மட்டும் கேட்டார்.

"நல்ல நேரம் இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு தம்பி. ஒங்க லேப்டாப்பும் ஆயுதந்தானே? கொண்டாந்து சாமிகிட்ட வைங்க. நாளைக்கு விஜயதசமி. காலையில நல்லபடியா தொடங்குங்க."

"சரிங்க ஐயா" என்றார் மச்சான்.

அதில் தப்பு சொல்ல எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை நாள் ஓடிய பெட்டி இன்னும் ஒரு நாள் ஓடாதா? நாங்கள் லேப்டாப்பை வைத்தோம், கேபிள் முனை அடிக்கிற இடுக்கியையும் வைத்தோம். முதலாளியின் மனைவி லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. அதுவும் எங்களுக்குத் தெரிந்ததுதான்.

தெரியாதது ஒன்றே ஒன்றுதான். முதலாளி சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தார். "அப்பா காலத்து வழக்கம். எல்லா ஆயுதமும் ஓய்வா இருக்கறப்ப கரண்டுக்கும் ஓய்வு குடுக்கணும்" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். காற்றாடிகள் மெதுவாக நின்றன. அவர் விரலால் சந்தனம் தொட்டு, சுவிட்சின் பிடிக்குப் பொட்டு வைத்தார்.

மாடியில் பேட்டரிப் பெட்டி கத்த ஆரம்பித்தது. பீப். கொஞ்சம் இடைவெளி. பீப்.

நானும் மச்சானும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். காக் மாடிப்படியைப் பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. பிளக்கைக் கட்டி வைத்தவர், மெயின் சுவிட்சைப் பற்றி நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் வரை அந்த அலுவலகத்தில் அணைந்தால் கெட்டுப்போகிற சாமான் எதுவும் இருந்ததில்லை, அதனால் அந்த வழக்கத்தைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலாளி கண்ணை மூடிப் பாட ஆரம்பித்திருந்தார். நல்ல குரல். மச்சான் அவர் பக்கத்தில் போய், "ஐயா..." என்றார். முதலாளி கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தினார். கொஞ்சம் இரு என்று. மச்சான் ஓரடி பின்வாங்கி நின்றார். பாட்டு முடியட்டும் என்று காத்தார். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கியது. மேலே பீப் சத்தத்தின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மச்சான் மறுபடி, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். மறுபடி அந்தக் கை உயர்ந்தது.

நான் சுவரைப் பார்த்து நகர்ந்தேன். எட்டிக் கை நீட்டினால் சுவிட்ச். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மச்சான். பூஜை நடக்குது."

"போயிரும்ங்க."

"தெரியும். வேணாம்."

பீப் பீப் என்று விடாமல் கத்தியது. பிறகு நீளமாக ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. முதலாளியின் மணியோசை மட்டும் கேட்டது. மச்சான் என் கையை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். கற்பூரத் தட்டு எங்களிடம் வந்தபோது ஒற்றிக்கொண்டார், திருநீறு பூசிக்கொண்டார். சுண்டலையும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார். என் சுண்டலை நான் வேனில் வைத்துவிட்டேன். வாயில் போட மனம் வரவில்லை.

விஜயதசமி காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒப்பந்தம் இருந்தது, மேலே ஒரு புதுப் பேனா. முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். மறுபூஜை முடித்து மெயின் சுவிட்சை மேலே தூக்கினார். காற்றாடி சுற்றியது, பிரிண்டர் முனகியது, கணினிகள் கண் விழித்தன. செமாபோக்கிலும் ஆயர் குரோவிலும் ஆட்கள் இணைப்புக்காகக் காத்திருந்தார்கள். மேலே ரௌட்டர் மட்டும் வெறும் விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. முதலாளி பேனாவை எடுப்பதற்கு முன்னாலேயே மச்சான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. பழையதை அழித்ததையும் சொன்னார், பீப் சத்தம் என்ன என்பதையும் சொன்னார்.

முதலாளி முழுதும் கேட்டார். "அப்ப நாந்தான் அணைச்சுட்டேங்கறீங்க."

"இல்லைங்க ஐயா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்? மத்தியானத்துக்குள்ள ஏத்திருவேன்."

முதலாளி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. ஆனா விஜயதசமி காலையில எந்திரிக்காத மெஷின வெச்சிக்கிட்டு நான் எப்படி கையெழுத்துப் போடறது? மனசு ஒப்பல. அடுத்த வருஷம் பாப்போம்."

கோளாறு என்றால் எடுத்துச் சொல்லலாம். லேப்டாப்பைத் திறந்து காட்டலாம். அபசகுனம் என்று மனதில் பட்டுவிட்டதை எந்த கேபிளால் சரி செய்வது? நான் வாயைத் திறந்தேன். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். காக் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து, தான் அதைத் தொடவே இல்லை என்று மலாயில் சொல்லிச் சொல்லி அழுதார். மச்சான் போய் அவரைத் தேற்றினார். அன்றைக்கு அங்கே தேற்ற வேண்டியது யாரை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மச்சான் மத்தியானத்துக்குள் சொன்னபடி செய்தார். நேரடியாகப் பெட்டியில் செருகுகிற கேபிள் வழியாக முதலில் பழைய, சின்ன ஃபைலை ஏற்றினார். எறும்பு ஊர்கிற மாதிரி அது ஏறி முடித்ததும் பெட்டி எழுந்தது. அதன்பிறகு அதை மறுபடி அழித்துவிட்டு, புதிய முறையில் அந்தப் பெரிய ஃபைலை அனுப்பினார். ஆச்சரியக்குறிகள் ஓடின. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது, தாண்டியது. ஒரு புள்ளிகூட விழவில்லை. கீழே செமாபோக் இணைப்பு கிடைத்துவிட்டதாக யாரோ சத்தம் போட்டார்கள். மச்சான் லேப்டாப்பை மூடி, அதில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கட்டை விரலால் துடைத்தார். நாங்கள் கிளம்பும்போது முதலாளியே வாசலுக்கு வந்து ஒரு பை நிறையப் பொரிகடலை கொடுத்தார். "வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கில்ல, குடுங்க" என்றார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

புக்கிட் பாருவில் அவர்கள் வீட்டுக் கதவைத் திறந்த தங்கச்சி மச்சானின் முகத்தைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "எப்ப போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தீபாவளி முடிந்த கையோடு மச்சான் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறினார். முதலாளி சொன்ன சொல் தவறாமல் அடுத்த வருடம் கூப்பிட்டார். அதற்குள் நாங்கள் வேனை விற்றுவிட்டிருந்தோம், நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தேன். அந்த மென்பொருள் மட்டும் அங்கே பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

தங்கச்சிக்கு வலி எடுத்த செய்தி கேட்டதும் மச்சான் அங்கிருந்து கிளம்பிவிட்டார். ஆனால் அது விடுமுறைக்கு முந்தின நாள். சிங்கப்பூர் எல்லையைத் தாண்டுகிற ஜோகூர் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. "பாலத்துல நிக்கிறேன் மச்சான்" என்று போன் செய்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே சொன்னார். "எறங்கி நடந்து வாங்களேன்" என்று நான் கத்தினேன். நடந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது. பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரித் தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அப்பா நீங்களா என்று மலாயில் கேட்டுக்கொண்டே என் கையில் கொடுத்தார். நான் இல்லையென்று சொல்வதற்குள் போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் சேனை வைப்பார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் சீனித் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் சாந்தமான ஆளாகப் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். தங்கச்சி வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிள்ளை அழுதது. கடைசியில், "நீயே வைய்யிண்ணே" என்றாள். நான் வேண்டாம் என்றேன். "அவரு வர்ற வரைக்கும் பிள்ளை பொறுக்குமா?" என்றாள். தாதி பார்க்காத நேரத்தில் வைத்தேன்.

இப்போது அந்தப் பெண் வளர்ந்துவிட்டாள். மச்சான் இன்னும் சிங்கப்பூரில்தான். வெள்ளிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை போவார். மகள் வளர்ந்ததில் முக்கால்வாசியை அவர் போனில்தான் கேட்டிருக்கிறார். போன மாதம் அவள் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். வரிசை நிற்க நிற்க, கவுண்டரில் இருந்தவர் தன் நண்பரோடு கதை பேசிக்கொண்டே, கொஞ்சம் பொறு என்று கையை மட்டும் காட்டியிருக்கிறார். இவள் கவுண்டர் மேசையைத் தட்டி, மேலதிகாரியை வெளியே வரவழைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அதைச் சாப்பாட்டு மேசையில் அவளே சொன்னாள். வழக்கம்போல எல்லாரும் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். மாமா வைத்த சேனை என்று தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"இவரு வெச்சிருக்க வேண்டியது" என்றேன், மச்சானைக் காட்டி.

மச்சான் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க வெச்சதுதான் நல்லது மச்சான். யாராச்சும் கையக் காட்டுனா இவ நிக்க மாட்டா."